ஆணியில் தொங்கிய பெல்ட்

மெக்கானிக் வந்தபோது மழை விட்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பட்டறையைத் திறந்துவிட்டேன். ஈர மரத்தூள் வாசனைக்கு நடுவே அந்தப் பழைய இழைப்பு மெஷின் நின்றது. என் மனைவியின் முதல் கணவன் வைத்துவிட்டுப் போனது. அவன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து சில வருஷம் கழித்துத்தான் நான் அவளைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தேன்.

"என்ன கம்ப்ளெயின்ட்?"

"பெல்ட் வழுக்குது. மோட்டார் சுத்துது, பிளேடு சுத்த மாட்டேங்குது. பழைய தோல் பெல்ட்டைத் தூக்கி எறிஞ்சிட்டுப் புது ரப்பர் பெல்ட் போட்டும் இதே கதைதான்."

இன்னொன்றை நான் சொல்லவில்லை. சாயங்காலம் மெஷினில் மாட்டியபடி விட்டுப்போகிற பெல்ட், காலையில் கழன்று சுவர் ஆணியில் தொங்கும்.

அவர் நூல் பிடித்து, பெல்ட் ஓடும் புல்லிச் சக்கரம் இரண்டும் நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்த்தார். மோட்டாரை நகர்த்தி பெல்ட்டை இறுக்கினார். "யாருங்க இதைப் பாத்துக்கிட்டது? என்னா சுத்தம்! தங்கமான கை."

எனக்கு வயிறு எரிந்தது. மரக்கடைக்காரர் சொல்லியாயிற்று, பக்கத்து வீட்டார் சொல்லியாயிற்று, இப்போது இவர். செத்தவனோடு என்னய்யா போட்டி என்று கேட்பீர்கள். உயிரோடு இருப்பவன் என்றால் நாலு வார்த்தை திட்டியாவது தீர்த்துக்கொள்ளலாம். இவனை என்ன செய்வது?

அவர் பெல்ட்டின் உட்புறத்தைத் தடவி, விரலை முகர்ந்தார்.

"ரப்பர் பெல்ட்டுக்கு யாருங்க விளக்கெண்ணெய் போட்டது? தோல் பெல்ட்டுக்குத்தான் போடுவாங்க, காயாம இருக்க. இதுக்குப் போட்டா வழுக்காம என்ன செய்யும்?"

டீயோடு கதவருகே நின்ற என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"அவர்தான் தினம் வேலை முடிஞ்சதும் பெல்ட்டைக் கழட்டி, எண்ணெய் தடவி, ஆணியில மாட்டுவாரு. அதுவும் தூங்கணுமாம். கையில மிச்சம் இருக்கறதை என் தலையில தேச்சு விட்டுருவாரு."

மெக்கானிக்கும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வந்த நாளிலிருந்து அவள் தலையில் எண்ணெய் வைத்ததே கிடையாது. முடி காய்ந்து கிடக்கிறதே என்று ஆசையாக வாங்கிக் கொடுத்தேன். "எனக்குப் பிடிக்காது" என்றுவிட்டாள்.

மெக்கானிக் பெல்ட்டை நன்றாகத் துடைத்து மாட்டினார். மெஷின் ஓடியது, பலகை வழவழவென்று வந்தது. அவர் தெருவைத் தாண்டியதும் நான் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ராத்திரியில நீதானே எந்திரிச்சுப் போய் எண்ணெய் போடறே?"

"நான் ஏங்க போறேன்?"

"பின்ன யாரு, அவனா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். முகத்தில் ஒரு வெட்கம் வந்தது. புதுப்பெண்ணுக்கு வருகிற வெட்கம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டறை மூலையில் இருந்த விளக்கெண்ணெய்ப் பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தேன். சுவர் ஆணியைக் குறடால் பிடுங்கி எறிந்தேன். "இனி எங்கடா மாட்டுவே? மாட்டு, பாக்கலாம்" என்று வெறும் சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

பட்டறையைப் பூட்டி, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தேன். தலைக்குக் குளித்திருந்த அவள், முடியை விரித்துப் போட்டபடி எனக்கு முதுகைக் காட்டித் தூங்கினாள்.

விடிந்தபோது முதலில் அந்த விளக்கெண்ணெய் வாசனைதான் வந்தது.

சாவி தலையணைக்கு அடியிலேயே இருந்தது.

என் சட்டை தரையில் கிடந்தது.

படுக்கையறைச் சுவரில் சட்டை மாட்டியிருந்த ஆணியில் பெல்ட் தொங்கியது. அதிலிருந்து எண்ணெய் சட்டைமேல் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏய்... எந்திரி" என்று கிசுகிசுத்து அவள் தலையைத் தொட்டேன்.

கை வழுக்கியது.

முடியை யாரோ படியத் தடவிப் பின்னிவிட்டிருந்தார்கள். வேர் வரைக்கும் விளக்கெண்ணெய்.

கண்ணைத் திறக்காமலே சிரித்தபடி அவள் என் கையைப் பிடித்தாள். விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். சிரிப்பு மறைந்தது.

"ப்ச்... நீங்களா" என்று கையை விட்டுவிட்டாள்.