பளிங்குப் பெட்டியில் சோப்பு வாசனை

"எனக்குத் துப்பறிய ஆள் வேண்டாம். நான் சொல்றத பார்த்துட்டு ஆமான்னு சொல்ல ஒரு ஆள் வேணும்," என்றார் வந்தவர், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்து கொடுக்கும் நிறுவனத்தின் முதலாளியம்மா அவர். சோபா, விளக்கு, அலமாரி என்று பல ஊர்ச் சரக்கும் அவருடைய ஸ்டோரில் வந்து இறங்கும். வீடு தயாரானதும் அங்கிருந்து மொத்தமாகக் கிளம்பும். நேற்று அப்படிக் கிளம்பிப் போன பெட்டியைத் திறந்தால், உள்ளே பளிங்கு மேஜைப்பலகை இரண்டு துண்டாகக் கிடந்தது.

எதிரே உட்கார்ந்திருந்தவரைத் தெரிந்தவர்கள் எல்லாரும் 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குச் சேதம் மதிப்பிட்டவர். தீப்பிடித்த கட்டடத்திலிருந்துகூட நடந்துதான் வெளியே வருவார் என்று அவருடைய மச்சினி கேலி செய்வாள். அவள்தான் இப்போது அவருக்கு உதவியாள். பேனா மூடியைக் கழற்றிவைத்துக்கொண்டு துடித்துக்கொண்டிருந்தாள்.

"உடைச்சது யாருன்னு தெரியுமா?" என்று கேட்டார் நிதானம்.

"ஸ்டோர் பாக்கறவதான். இருபது நாளைக்கு முன்னாடி பெட்டி வந்துச்சு. பிரிச்சுக்கூடப் பார்க்காம 'முழுசா இருக்கு'ன்னு ரிஜிஸ்டர்ல எழுதி, டேப் ஒட்டி மூடி வச்சுட்டா. தப்ப ஒத்துக்கிட்டு எழுதிக் குடுன்னா, வெளியாள் ஒருத்தர் வந்து பார்த்துச் சொல்லட்டும், அப்புறம்தான் கையெழுத்துங்கறா. பதினோரு வருஷம் இடம் குடுத்தேன்ல, அந்தத் திமிரு!"

டைப் அடித்த காகிதத்தை மேஜையில் வீசினார். 'என் கவனக்குறைவால் பொருள் சேதமடைந்தது. இதற்கு நானே பொறுப்பு.' கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. இதில் பேரைப் போட்டுக் கொடுத்தவளை இந்தத் தொழிலில் வேறு எந்த ஸ்டோரும் வாசலில்கூட நிற்கவிடாது. அது முதலாளியம்மாவுக்கும் நன்றாகவே தெரியும்.

அவர்கள் போய்ச் சேர்ந்த ஸ்டோர் ஒரு நீளமான தகரக் கொட்டகை. வெளியே எப்படியோ, உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தது. சோபாக்கள் துணி போர்த்தி மரக்கட்டைகளின் மேல் நின்றன. கண்ணாடியும் கல்லும் இருந்த பெட்டிகள் சட்டத்துக்குள் செங்குத்தாக நின்றன. ஒவ்வொரு பெட்டியிலும் டேப்பின் குறுக்கே ஒரு நீல மார்க்கர் கோடு, பாதி டேப்பின் மேல், பாதி பலகையின் மேல். பக்கத்திலிருந்த வட்ட ஸ்டிக்கரின் குறுக்கேயும் அதே மாதிரி ஒன்று.

"இது எதுக்கு?" என்றாள் மச்சினி.

"டேப்ப யாராவது பிரிச்சு ஒட்டினா கோடு சேராது. நான் பார்த்து மூடினதுக்கு அடையாளம்," என்றார் ஸ்டோர்க்காரம்மா. ஐம்பதை நெருங்கியவர். இடுப்பில் சாவிக்கொத்து. "ஸ்டிக்கர் வெள்ளையா இருக்கா? பெட்டிய ஒரு தடவ சாய்ச்சாலும் செவப்பாயிடும். அப்புறம் மாறவே மாறாது."

"பெரிய விஞ்ஞானி! கல்ல மட்டும் பார்க்கத் தெரியல," என்றான் மூலையில் நின்ற முதலாளியம்மாவின் தம்பி. வேன்களைப் பார்த்துக்கொள்பவன். நாற்பது வயது ஆள், கசங்கின சட்டை.

"நீங்க இஸ்திரி போட்டுட்டு வந்து பேசுங்க," என்றார் ஸ்டோர்க்காரம்மா.

"வீடு மாத்தின கஷ்டம் எனக்குத்தானே தெரியும். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி புது வீட்ல அஞ்சு நாள் பெயிண்ட் காயல, சாமானெல்லாம் தெருவுக்கு வந்துடுச்சு. உனக்கென்ன, வாய் மட்டும் நீளம்!"

"வாய மூடுங்க ரெண்டு பேரும்," என்று கத்தினார் முதலாளியம்மா.

உடைந்த கல் அதே பெட்டியோடு திரும்பி வந்திருந்தது. கதவைப் போல் அகலமான பெட்டி; மரச்சட்டத்தின் மேல் மெல்லிய பிளைவுட். அந்த வீட்டுத் தச்சர் மேல்பக்கத்தை மட்டும் அறுத்துத் திறந்திருந்தார். பக்கவாட்டு டேப்பில் நீலக்கோடு முழுசாக இருந்தது. வட்ட ஸ்டிக்கர் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

"பார்த்தீங்களா? பிரிக்கவும் இல்ல, சாய்க்கவும் இல்ல. அப்ப கல்லு எப்ப உடைஞ்சுது? வரும்போதே உடைஞ்சுதான் வந்திருக்கு," என்றார் முதலாளியம்மா. "ஆமான்னு சொல்லுங்க, போகலாம்."

"போட்டோ எடுக்கலையா?" என்று மச்சினி ஸ்டோர்க்காரம்மாவைக் கேட்டாள்.

"ஸ்டோர் போன் கெட்டுப்போய் ரெண்டு மாசமாச்சு. வேற குடுங்கன்னு மூணு தடவ கேட்டேன்."

முதலாளியம்மா வேறு பக்கம் பார்த்தார்.

நிதானம் பெட்டியின் அகலமான பக்கத்தை உள்ளங்கையால் தடவினார். பிறகு குனிந்து மோந்து பார்த்தார். தம்பி சத்தமாகச் சிரித்தான். மச்சினிக்கு முகம் சிவந்தது. ஆனாலும் மாமா செய்தால் காரணம் இருக்கும் என்று அவளும் குனிந்தாள்.

"சோப்பு வாசனை, மாமா!"

"வேற என்ன இருக்கு?"

"வழிஞ்சு காஞ்ச கறை. அப்புறம்... நாலு வட்டக் குழி. கறுப்பா ரப்பர் தேய்ஞ்ச மாதிரி." அவள் அளவு டேப்பை எடுத்து அளந்தாள். "சதுரமா இருக்கு, குழிக்குக் குழி. ஒன்றரை அடி இருக்கும்."

"பெட்டி வந்த அன்னிக்கு இதெல்லாம் இருந்துச்சாம்மா?"

"இருந்திருந்தா வாங்கியிருக்கவே மாட்டேன்," என்றார் ஸ்டோர்க்காரம்மா. "சட்டத்துல நிக்க வச்சுட்டு மறுநாள் லீவுல போனேன். மகளுக்குப் பிரசவம். ஒரு வாரம்."

"சாவி?"

"ஷட்டர் சாவி ஒண்ணு தம்பிகிட்டயும் இருக்கும். இந்தக் கொத்த அம்மா கையில குடுத்துட்டுப் போனேன். திரும்பி வந்தப்ப அவங்கதான் குடுத்தாங்க."

"கொத்துல என்னென்ன சாவி?"

"அலமாரி, மேஜை டிராயர். புது ஸ்டிக்கர் சுருள் டிராயர்லதான் இருக்கும்."

நிதானம் நிமிர்ந்தார். அவசரமே இல்லாமல் கைக்குட்டையில் விரல்களைத் துடைத்தார். எல்லாரையும் பெட்டியைச் சுற்றி நிற்கச் சொன்னார்.

"நிக்கிற பெட்டியோட பக்கவாட்டுல நாலு கால் எப்படிப் பதியும்? பெட்டியப் படுக்கப் போட்டு, மேல எதையோ ஏத்தியிருக்காங்க. ரப்பர் கால், சதுர நிலை, சோப்புத் தண்ணி ஒழுகும். வாஷிங் மெஷின். ஓடின மெஷினக் கழட்டினா குழாய்ல தேங்கின தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கும். கல்லப் படுக்க வச்சாலே ஆபத்து. நடுவுல அவ்வளவு பாரம் ஏத்தினா பெட்டிய யாரும் பிரிக்காமயே உள்ள உடைஞ்சு போகும். அஞ்சு நாள் சாமான் வைக்க இடம் இல்லாமத் தவிச்சவர் இங்க ஒருத்தர்தான் இருக்கார்."

தம்பியின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "சும்மா அடிச்சு விடாதீங்க! சாய்ச்சா ஸ்டிக்கர் செவந்திருக்கணும்ல? வெள்ளையாத்தானே இருக்கு?"

"அதத்தான் நானும் கேக்கறேன். மத்த பெட்டியில ஸ்டிக்கர் மேல நீலக்கோடு ஓடுது. இதுல பாருங்க. பலகையில வர்ற கோடு ஸ்டிக்கர் ஓரத்தோட நின்னுடுது. ஸ்டிக்கர் மேல ஒண்ணுமே இல்ல. இந்தம்மா கோடு போட்டதுக்கு அப்புறம் வந்த ஸ்டிக்கர் இது."

மச்சினி உற்சாகத்தில் தம்பியைப் பேனாவால் சுட்டினாள். "அப்ப இவர்தான்—"

"பாதிதான் சரி," என்றார் நிதானம். "இவர்கிட்ட இருந்தது ஷட்டர் சாவி. டிராயர் சாவி இல்ல."

எல்லாரும் முதலாளியம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"'ஸ்டிக்கர் செவப்பாயிடுச்சுக்கா, எல்லார் முன்னாடியும் அவ என் மானத்த வாங்கிடுவா'ன்னு தம்பி வந்து நின்னான்," என்றார் அவர். "கல்லு உடைஞ்சிருக்கும்னு சத்தியமா எனக்குத் தெரியாது. ஸ்டிக்கர மட்டும் மாத்தினேன். சின்னப் பையன், போகட்டும்னு..."

"சின்னப் பையனுக்கு நாற்பது வயசு," என்றாள் மச்சினி. நிதானம் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் அடங்கவில்லை. "நேத்து உடைஞ்சது தெரிஞ்சுதே, அப்புறமும் இவங்க தலையில கட்டத்தானே எங்கள வரவழைச்சீங்க?"

ஸ்டோர்க்காரம்மா இதுவரை அழவில்லை, இப்போதும் அழவில்லை. நிதானத்திடமிருந்து அந்த டைப் அடித்த காகிதத்தை வாங்கி, ஸ்டோர் மேஜையின் மேல் விரித்து, நீல மார்க்கரை அதன் பக்கத்தில் வைத்தார்.

"கையெழுத்து வேணும்னு கேட்டீங்களேம்மா. போடுங்க."

"இங்க பாரு, பதினோரு வருஷப் பழக்கம். நமக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்."

"நேத்து அந்த வீட்ல பத்துப் பேர் முன்னாடி என்னத் திருட்டு முழி முழிக்கிறான்னீங்க. அது நமக்குள்ள பேசினதா?"

முதலாளியம்மா தம்பியைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். அக்கா இப்போதும் காப்பாற்றுவாள் என்ற நம்பிக்கை அந்தக் குனிந்த கழுத்தில் தெரிந்தது. அதைப் பார்க்க அக்காவுக்கே எரிச்சலாக இருந்தது. அவரே மார்க்கரை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

ஸ்டோர்க்காரம்மா காகிதத்தை இரண்டு முறை படித்தார். தேதி எழுதினார். ரிஜிஸ்டரைத் திறந்து, பளிங்கு என்ற வரிக்கு எதிரே காகிதத்தை ஒட்டி, பாதி காகிதத்தின் மேலும் பாதி பக்கத்தின் மேலுமாக ஒரு கோடு இழுத்தார். பிறகு அந்தப் பக்கத்தை ஒரு பிரதி எடுத்துத் தரும்படி மச்சினியிடம் கேட்டார். மச்சினி அங்கேயே தன் போனில் படம் பிடித்து அவருக்கு அனுப்பினாள்.

ஸ்டோர்க்காரம்மாவின் இடுப்பிலிருந்த சாவிக்கொத்து மேஜையின் மேல் விழுந்தது.

"எங்க கிளம்பிட்ட?" முதலாளியம்மா பதறிப்போனார். "நாளைக்குக் காலையில மூணு லோடு வருது! எது எந்த வீட்டுதுன்னு உனக்கு மட்டும்தான் தெரியும்!"

ஷட்டருக்கு வெளியே வெயிலில் இறங்கிய ஸ்டோர்க்காரம்மா ஒருமுறை திரும்பினார்.

"வரட்டும்மா. பிரிச்சுப் பார்த்து வாங்குங்க."