காய்ச்சல் இல்லையென்றவன்

காதல் கதை என்றால் கண்ணில்தான் தொடங்க வேண்டும். ஆசியா முதலில் பார்த்ததோ கை நரம்பை.

தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில் அடைமழை. ஓடிவந்து ஒதுங்கியவன் குடையை மடக்கிய வேகத்தில் அவள் முகமெல்லாம் தண்ணீர். திட்டத்தான் வாயைத் திறந்தாள்... குடை பிடித்த கையில் பச்சை நரம்பு புடைத்துத் தெரிந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை.

“ரத்தம் குடுப்பீங்களா?” என்றாள்.

“தண்ணி தெளிச்சதுக்கு ரத்தமாங்க?” என்று சிரித்தான். பெயர் தௌபீக். ஐயம்பேட்டையில் உரக்கடை.

ஆசியாவுக்கு வல்லம் பக்கம் குளுக்கோஸ் பாட்டில் தயாரிக்கும் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை. பாட்டிலில் இருப்பது நோயாளிக்குக் காய்ச்சல் வரவழைக்குமா என்று அறிய, அதை முயலின் காது நரம்பில் ஏற்றி உடம்புச் சூட்டை அளப்பார்கள். கழுத்தைப் பலகையில் பூட்டினாலும் அந்த வாயில்லாப் பிராணி சத்தம் போடாது. அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது. இனி முயலைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பாட்டில் நீரை மனித ரத்தத்தோடு கண்ணாடிக் குழாயில் கலந்தே கண்டுபிடிக்கலாம் என்று மேனேஜரோடு மல்லுக்கட்டி, மழைக்காலம் முடியும்வரை அவகாசம் வாங்கியிருந்தாள். ஒரு தடவை சோதனை தவறினாலும் மறுபடி முயல்தான்.

தௌபீக் வாராவாரம் வந்தான். ரத்தம் எடுக்குமுன் காய்ச்சல் உண்டா, மாத்திரை போட்டீர்களா என்று கேட்பாள், இல்லை என்பான். காய்ச்சல்காரன் ரத்தம் கலந்தால் சோதனையே பொய்யாகிவிடும். எலி மருந்து விற்கிறவனை வைத்தா முயலைக் காப்பாற்றுகிறீர்கள் என்று கேலி செய்வான். சிரிப்பை மாஸ்க்குக்குள் ஒளித்துக்கொள்வாள்... கண்ணை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

கடைசிச் சோதனையன்று ஊரெல்லாம் வெள்ளம். ரத்தம் கொடுக்க வேண்டிய மற்றவர்கள் வரவில்லை. தௌபீக் மட்டும் தெப்பமாக நனைந்து வந்து நின்றான். காய்ச்சல் உண்டா என்று கேட்டதற்கு வழக்கம்போல் இல்லை என்றான்.

சோதனை தவறியது. நல்ல பாட்டிலையே கெட்டது என்று காட்டியது. மறுநாளே முயல் கூண்டுகள் வந்து இறங்கின. சாயங்காலத்துக்குள் ஒன்றின் காதில் ஊசி ஏறிவிட்டது. ஆசியா யார் போனையும் எடுக்கவில்லை. படித்ததெல்லாம் வீண், வேலையை விட்டுவிடலாம் என்று முடிவுகட்டி, அதே பஸ் ஸ்டாண்டில் மழையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

தேடிக்கொண்டு வந்தான் தௌபீக். முகம் வெளுத்திருந்தது.

“அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்ங்க. மாத்திரை போட்டுட்டுத்தான் வந்தேன்... யாரும் வரலைன்னு போன்ல அழுதீங்க. என்னால வீட்ல படுத்திருக்க முடியல.”

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“அந்த முயல் காதுல குத்துனது நீங்கதான்.”

மேனேஜரிடம் தானே வந்து சொல்வதாகவும், பொய்யன் என்று பெயர் வந்தாலும் சோதனையை மறுபடி நடத்தச் சொல்லிக் கேட்பதாகவும் தலைகுனிந்தபடி சொன்னான். தவறியது அவள் முறையல்ல, அவன் ரத்தம்தான்... அவளுக்கு அழுகையும் ஆறுதலும் ஒன்றாக வந்தன.

“அப்புறம் என்னைச் சேத்துக்க மாட்டாங்க, இல்லீங்களா?” என்றான்.

பொய் சொன்னவனிடம் எப்படி ரத்தம் எடுப்பது? அவன் கையில் ஊசி குத்திய இடம் இன்னும் கன்றியிருந்தது.

“ரத்தம் குடுக்க வராதீங்க,” என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டு நகர்ந்தான். அவள் பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

“சும்மா வாங்க.”