‘ஷ்’ வேலை

நெட்டைக்கு மணி வேண்டும். டீச்சர் அவளுக்குக் கொடுத்ததோ வெறும் ‘ஷ்’!

வகுப்பிலேயே உயரமானவள் என்பதால் அவளுக்கு அந்தப் பேர். பேரைப் பற்றி அவளுக்கு வருத்தமில்லை. மணி இல்லாததுதான் வருத்தம்.

நாளைக்கு அறிவியல் நாடகம். உடம்புக்குள் கிருமியோடு சண்டை போடும் ஒரு செல்லைப் பிள்ளைகள் நடித்துக் காட்ட வேண்டும். நீலத் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு வட்டமாக நின்றால், அது செல்லின் சவ்வு. குள்ளமானவர்கள் கையில் மணி. நடுவில், எப்போதும் தூங்கி வழிவதால் ‘தூங்குமூஞ்சி’ என்று பேர் வாங்கிய பையன் படுத்திருப்பான். மணி நன்றாகக் கேட்டால் எழுந்து கிருமியின் மேல் காகிதப் பந்துகளை வீச வேண்டும்.

“சவ்வுன்னா சுவர் மாதிரி இல்ல. அதுல இருக்கறவங்க நகர்ந்துக்கிட்டே இருப்பாங்க,” என்றார் டீச்சர். “நெட்டை, யார் மணி அடிச்சாலும் நீ போய் ‘ஷ்’னு அடக்கிடு.”

ஒத்திகை தொடங்கியது. பிரித்த குடையோடு கண்ணாடிக்காரி வந்தாள். அவள்தான் கிருமி வந்த சேதியோடு தூது வரும் இன்னொரு செல். குடையில் ஒரு சிவப்புக் காலுறை தொங்கியது. அது கிருமியின் துண்டாம்!

ஒரு மணி அடித்தது. “ஷ்!” இன்னொரு மணி. “ஷ்!” சொன்ன வேலையை நெட்டை சரியாகச் செய்தாள். தூங்குமூஞ்சி நிஜமாகவே குறட்டை விட்டான்.

“எல்லாம் நெட்டையாலதான்! அவளை எடுத்துடுங்க டீச்சர்!” என்று மணிக்காரர்கள் கத்தினார்கள்.

நெட்டை ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாளைக்கு அம்மா வேறு வருவாளே!

அந்த நேரம் பார்த்து யாரோ தும்மினார்கள். கையிலிருந்த மணி கிணுங்கியது. தூங்குமூஞ்சி துள்ளி எழுந்து, கண்ணைக்கூடத் திறக்காமல் பந்துகளை வீசினான். ஒன்று டீச்சரின் கொண்டையில் சிக்கியது.

“ஐயோ, நான் கிருமி இல்லப்பா!” என்று டீச்சர் சிரித்தார். “நெட்டை, வந்துடு தாயே. நீ இல்லாம முடியாது.”

அவள் ஓடி வந்தாள். டங்! தலை குடைக்கம்பியில் இடித்தது.

“ஆ!” என்றவள், தலையைத் தடவியபடியே நின்றுவிட்டாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது.

“டீச்சர், இந்தக் குடைக்குக் கீழ என்னால நுழைய முடியாது. ஆனா மணிக்காரங்க நுழையலாம். குடை வந்ததும் அவங்க எல்லாரும் நகர்ந்து அடியில ஒண்ணா சேரட்டும். எனக்கு இடமிருக்காது, நான் ஒதுங்கிடுவேன். அப்புறம் யார் ‘ஷ்’ சொல்றது?”

டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டார். “உடம்புக்குள்ளயும் அப்படித்தான் நடக்குது! ரெண்டு செல்லும் நெருங்கினா, சவ்வுல இருக்கறதுல உயரமானது வெளியே தள்ளப்படும், குட்டையானதெல்லாம் ஒண்ணு சேரும். அதை நாடகத்துல வைக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல பாரு!”

மறுநாள் மேடையில், சும்மா கிணுங்கிய மணிகளையெல்லாம் நெட்டை ஓடி ஓடி அடக்கினாள். அரங்கம் குலுங்கிச் சிரித்தது. குடை வந்தது. மணிக்காரர்கள் அடியில் புகுந்து நெருங்கி நின்றார்கள். நெட்டை வேண்டுமென்றே ‘டங்’ என்று இடித்துக்கொண்டு ஒதுங்கினாள். அத்தனை மணிகளும் சேர்ந்து முழங்க, தூங்குமூஞ்சி எழுந்தான். சிவப்புக் காலுறை பந்து மழையில் காணாமலே போனது!

கைதட்டலில் அம்மாவின் விசில் தனியாகக் கேட்டது. நெட்டைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அடுத்த நாள் இடைவேளையில் மறுபடியும் அதே விளையாட்டு. ஆனால் மணியை வாங்கிக்கொள்ள யாருமே வரவில்லை. “நான்தான் ‘ஷ்’! நான்தான் ‘ஷ்’!” என்று குள்ளர்கள் எல்லோரும் நுனிக்காலில் நின்று எம்பிக்கொண்டிருந்தார்கள்.