இறங்காத சுருதி

சனிக்கிழமை, பிற்பகல் மணி நான்கு. வெள்ளிமலை தியான இல்லத்தில் செலினாவின் அறைக் கட்டில்மேல் வயலின் பெட்டி திறந்து கிடந்தது. வில் இருந்தது. வில்லுக்குப் பூசும் ரோசின் கட்டி இருந்தது. காகித உறைக்குள் நான்கு புதுத் தந்திகள் சுருண்டு கிடந்தன. வயலினை மட்டும் காணோம்.

சப்-இன்ஸ்பெக்டர் மணிமொழி வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. இந்த மலைக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து அவள் துப்புத் துலக்கியதெல்லாம் ஆடு, கோழி, தண்ணீர் மோட்டார் என்ற வரிசையில்தான். வயலின் என்றதும் உள்ளூர ஒரு குஷி. செலினாவின் முகத்தைப் பார்த்ததும் அந்தக் குஷிக்காக வெட்கப்பட்டாள்.

“என்னுது இல்லீங்க மேடம், தியாகதுருகம் மாதா கோயில் வயலின். எங்கப்பாவ நம்பிக் குடுத்தாங்க. நாளைக்குப் பூச முடிஞ்சதும் தேர்வு. ஒருத்தரத்தான் எடுப்பாங்க. பாண்டிச்சேரியில ரெண்டு வருஷ வேல, சம்பளத்தோட. இத வுட்டா எனக்கு வேற வழியே இல்ல.”

“நீ எங்க போயிருந்த?”

“அப்பா போன் பண்ணாரு. உள்ளார டவர் எடுக்கல. தண்ணி டேங்க்கு மேட்டுக்குப் போனேன். மழையில மாட்டிக்கினேன்.”

அங்கே நடக்கும் இசை முகாமை நடத்துபவர் நிர்மலா, பாண்டிச்சேரி வாத்தியக் குழுவின் தலைவி. பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது.

“எங்க குழு ரெண்டு விதமா வாசிக்கும் மேடம். இந்தக் காலத்துப் பாட்டுக்கு ஸ்டீல் தந்தி. முந்நூறு வருஷத்துக்கு முந்தின பாட்டுக்கு அப்ப இருந்த மாதிரியே ஆட்டுக்குடல் தந்தி. ஒரே வயலின்ல ரெண்டையும் மாத்திப் போட்டு வாசிக்கத் தெரியணும். ஸ்டீல் தேர்வு புதன்கிழமையே முடிஞ்சுது. குடல் தந்திய முகாம் ஆரம்பிச்ச அன்னிக்கே கையில குடுத்துட்டேன். இன்னிக்கு ரெண்டு மணிக்கு மேல அவங்கவங்க ரூம்ல உக்காந்து மாத்துங்கன்னு சொன்னேன். ஒவ்வொண்ணா ஏத்தி இழுத்து முடிக்க ரெண்டு மணி நேரமாவது ஆகும்.”

“அப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

“வாசல்ல. பச்சையம்மாகூட மொச்ச உரிச்சிக்கிட்டு.”

சமையல்காரப் பச்சையம்மாள் தலையாட்டினாள். “ஆமாம்மா. ரெண்டு பேரும் எழுந்திரிக்கவே இல்ல. செலினா ஒண்ணுதான் வெளிய போச்சு. பின்கதவு பூட்டு, சாவி என் இடுப்புல. ஒரு ஈ காக்கா உள்ளார வரல.”

ஆக, அந்த இரண்டு மணி நேரம் கட்டடத்துக்குள் இருந்தவர்கள் இரண்டே பேர்: பிரவீன்குமாரும் ஜோஸ்வாவும். இருவரும் தேர்வுக்கு வந்தவர்கள்.

கள்ளக்குறிச்சிக்காரன் பிரவீன்குமாருக்கு மூக்குமேல் கோபம்.

“இன்னா பண்ணிக்கினு இருந்த?” என்று கேட்டாள் மணிமொழி.

“தந்தி மாத்திக்கினு இருந்தேன்.”

“பாத்தவங்க யாரு?”

“ரூம்ல தனியா இருக்கறவன யாருங்க பாப்பாங்க? அவளுக்கும் எனக்கும் போட்டி, அதனால நான்தான் எடுத்தேன்னு முடிவு பண்ணிட்டீங்க. இன்னா வேணா எழுதிக்குங்க.”

ஜோஸ்வா பதறவில்லை. செலினாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

“நானும் தந்திதான் மாத்தினேன் மேடம். ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சேன், நாலு மணிக்கு இவ அலறின சத்தம் கேட்டுத்தான் வெளிய வந்தேன். கடைசித் தந்திய அப்பத்தான் முறுக்கிக்கினு இருந்தேன்.”

“ஏதாவது சத்தம் கேட்டுச்சா?”

“மழதாங்க.”

அவன் போனதும் ஏட்டு சுப்புராயன் குனிந்து கிசுகிசுத்தார். “அந்தத் தம்பிக்கும் பொண்ணுக்கும் தை மாசம் கல்யாணம் மேடம். ஒரே ஊரு, ஒரே கோயிலு. அவன வுட்டுடுங்க. அந்தப் பிரவீன் முறைக்கிறான் பாருங்க, அவன ரெண்டு தட்டு தட்டினா கக்கிடுவான்.”

“தேடினீங்களா?”

“கட்டிலுக்கு அடியில, பரண்மேல, அடுப்படி, ஒரு எடம் பாக்கி இல்ல.”

“உள்ளயே இருக்கற சின்னக் கோயில்ல?”

“செருப்ப கழட்டிட்டுப் போயி பெஞ்சுக்கு அடியிலெல்லாம் பாத்துட்டேன். பீடத்துக்கிட்ட மட்டும் கைய வைக்கல. சாமி எடம் பாருங்க.”

மணிமொழி அடுப்படிக்குப் போனாள். பச்சையம்மாள் கேட்காமலே டீ கொடுத்தாள், கேட்காமலே பேசவும் செய்தாள். “ஜோஸ்வா புள்ளைதான் பாவம். காய்ச்ச வந்து ரெண்டு நாளா வயலினு வாசிக்கவே போவல. வெறும் கஞ்சிதான். இன்னிக்கு மத்தியானம்தான் எழுந்து சோறு துன்னுச்சு. அதுக்குள்ள இந்தக் கூத்து.”

ஐந்தரை மணிக்கு நிர்மலா பயிற்சிக்கு அழைத்தார். போலீஸ் வந்தாலும் புயல் வந்தாலும் பயிற்சி நிற்காது என்ற ரகம். மணிமொழி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். கர்நாடக சங்கீதமோ மேற்கத்திய சங்கீதமோ, இரண்டிலும் அவளுக்கு ஞானம் பூஜ்யம். அவள் பார்த்தது கைகளை. பிரவீன்குமாரின் கை ஒரு நிலையில் இல்லை. நாலு வரி வாசிப்பான், நிறுத்துவான், பல்லைக் கடித்துக்கொண்டு தந்தியை இறுக்கும் முறுக்காணியைத் திருகுவான், மறுபடி வாசிப்பான்.

சுப்புராயன் முழங்கையால் இடித்தார். “நடுக்கத்த பாருங்க மேடம்.”

நிர்மலா வில்லால் மேசையைத் தட்டினார். “பிரவீன், மறுபடியும் சுருதி இறங்குது! ஜோஸ்வா எவ்வளவு நேர்த்தியா சுத்தியிருக்கான் பாரு. ஒரு தடவகூட முறுக்காணியத் தொடல.”

பிரவீன்குமார் முகம் சுண்டிப் போனது. மணிமொழிக்கு முதலில் அந்தப் பையன்மேல் இரக்கம்தான் வந்தது. இரண்டாவது யோசனை சற்றுத் தாமதமாக வந்தது. வந்ததும் எழுந்துவிட்டாள்.

ஆறரை மணிக்கு எல்லோரும் சாப்பாட்டு அறையில் கூடினார்கள்.

“நிர்மலா மேடம், ஒரு சந்தேகம். புதுக் குடல் தந்தி போட்டா எவ்வளவு நேரத்துல படியும்?”

“அது லேசுல படியாது. இழுபட்டுக்கிட்டே இருக்கும். இந்த மழ ஈரத்துல இன்னும் ஜாஸ்தி. ஒரு நாளாவது ஆகும். அதுவரைக்கும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ திருகிக்கிட்டேதான்...”

நிர்மலா பாதியில் நிறுத்தினார். அவர் கண் ஜோஸ்வாமேல் போய் நின்றது.

“அதான் மேடம்” என்றாள் மணிமொழி. “பிரவீன் தந்தி நிக்கவே மாட்டேங்குது. ஏன்னா அவர் நெசமாவே இன்னிக்கு மதியம்தான் போட்டிருக்கார். அந்த ரெண்டு மணி நேரமும் ரூம்லதான் இருந்திருக்கார். நீங்க திட்டினீங்க, அந்தத் திட்டுதான் அவருக்குச் சாட்சி. ஜோஸ்வா கடைசித் தந்திய நாலு மணிக்குத்தான் முறுக்கினதா அவரே சொல்றார். ஆனா அசையாம நிக்குது. கைநேர்த்தி எவ்வளவு இருந்தாலும் புதுத் தந்தி இழுபடாம இருக்குமா?”

“இருக்காது” என்றார் நிர்மலா மெதுவாக. “எனக்கு எப்படித் தோணாமப் போச்சு?”

“நல்லா வாசிக்கிறவர்மேல நமக்குச் சந்தேகம் வராது. அவ்வளவுதான். தம்பி, காய்ச்சல்ல படுத்திருந்தப்பவே தந்திய மாத்திட்டீங்க. அது தப்பே இல்ல. ஆனா இன்னிக்கு மாத்தினேன்னு எதுக்குப் பொய்? அந்த ரெண்டு மணி நேரத்துக்கு உங்களுக்கு ஒரு வேல தேவப்பட்டுச்சு.”

ஜோஸ்வா தலையைத் தூக்கவில்லை. “பொழுது போகலன்னுதான் மாத்தி வச்சேன். திட்டம் எதுவும் இல்லீங்க. இவ ரூம் கதவு தொறந்து கெடந்துச்சு. கை தானா போச்சு.”

“எங்க இருக்கு?”

“பீடத் துணி வைக்கிற அலமாரியில.”

சுப்புராயன் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

பீடத் துணியில் சுற்றிய வயலினை ஜோஸ்வாவே எடுத்து வந்து மேசைமேல் வைத்தான். ஒரு கீறல் இல்லை. அதன்மேல் இன்னும் ஸ்டீல் தந்திதான் இருந்தது.

“ஏன்?” என்றாள் செலினா.

“நீ பாண்டிச்சேரிக்குப் போயிட்டா கல்யாணம் தள்ளிப் போவும். ரெண்டு வருஷம்னுவாங்க, அப்புறம் இன்னும் ரெண்டு வருஷம்னுவாங்க. தேர்வு முடிஞ்சதும் எடுத்து வச்சிடலாம்னுதான் இருந்தேன். சத்தியமா வயலின ஒண்ணும் பண்ணல.”

“நீ எடுத்தது வயலின இல்ல தம்பி, அவ நேரத்த” என்றாள் மணிமொழி. அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

நிர்மலாவும் அதைத்தான் சொன்னார். “இப்ப புதுத் தந்தி போட்டா காலையில நிக்காது செலினா. தேர்வத் தள்ளி வச்சா பிரவீனுக்கு நியாயம் பண்ணின மாதிரி ஆகாது. என்னால முடியாதும்மா.”

செலினா கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“ஜோஸ்வாது படிஞ்ச தந்திதானே மேடம்? அத எனக்குப் போட்டா நிக்குமா?”

“நிக்கும். ஒரு மணி நேரம் வாசிச்சாப் போதும். ஆனா அவன் வயலின்?”

“அவன் நாளைக்கு வாசிக்க மாட்டான்” என்றாள் செலினா.

ஜோஸ்வா தன் வயலினை மடியில் வைத்துக் கழற்ற, அவள் வாங்கித் தன் வயலினில் பூட்டினாள். எல்லாத் தந்தியையும் ஒரே சமயத்தில் எடுத்தால், அவற்றைத் தாங்கும் மரக் குதிரை சாய்ந்துவிடும். ஆகவே ஒன்று வந்து, ஏறி, முறுக்கப்பட்ட பிறகுதான் அடுத்தது. அவ்வளவு நேரமும் இருவரும் முட்டிக்கு முட்டி உட்கார்ந்திருந்தார்கள். மணிமொழிக்கு அங்கே நிற்கவே சங்கடமாக இருந்தது.

“புகார் எழுதித் தர்றியாம்மா?”

“வேணாம் மேடம். கோயில் பொருளு கெடைச்சிடுச்சு.” மூன்றாவது தந்தியை முறுக்கிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்: “நேத்து கஞ்சி எடுத்துக்கினு உன் ரூமுக்கு வந்தேன் இல்ல, ஜோஸ்வா? அப்ப பாண்டிச்சேரிக்குப் போவாதன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன்.”

அவன் கை நின்றுவிட்டது.

“இப்ப போவேன்” என்று சொல்லிவிட்டு, நாலாவது தந்திக்காகக் கையை நீட்டினாள்.