கயிறு பிடித்த கை

பாட்டரியின் இரண்டு கம்பிகளையும் கழற்றிவிட்ட பிறகும் ஆம்பியர் மீட்டரின் முள் ஒரு தடவை துடித்து அடங்கியது.

கிளாட்வின் குனிந்து மறுபடி பார்த்தான். முள் நடுவில் அசையாமல் நின்றது. கரண்டே இல்லாத வண்டியில் முள் எப்படி அசையும்? தன் முழங்கை எங்காவது பட்டிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பாதையின் ஒரு பக்கம் உப்பளம். மறுபக்கம் யாரும் இப்போது புழங்காத பழைய கல் ஜெட்டி. சங்குச் சதையை அழுகப் போட்டிருக்கும் குழிகளிலிருந்து வாடை காற்றோடு வந்து, கதவு மூடியிருந்த வண்டிக்குள்ளும் எப்படியோ புகுந்து, தொண்டையில் ஒட்டிக்கொண்டது. உலகச் சண்டைக்காலம் என்பதால் துறைமுகத்தில் ஒரு விளக்கும் ஏற்றவில்லை. ஜெட்டிக்கு அடியில் தண்ணீர் கல்லை நக்கும் சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது.

"இங்கன வந்தாத்தான் அத்தான் இது இந்தப் பாடு படுத்துது" என்றான் பொன்னுதுரை. கிளாட்வினின் மனைவி கிருபைக்கு ஒரே தம்பி. வண்டியை விட்டுச் சற்றுத் தள்ளியே நின்றான். "எங்க நிக்கோ அங்க வச்சுத்தான் கோளாறப் பாக்கணும்னு நீங்கதான சொல்லுவீய."

சொன்னது உண்மைதான். முன்பு பொன்னுதுரை ஓட்டிய இந்தப் பழைய வண்டி உள்நாட்டில் நாசரேத் ஊர்ப் பக்கம் போனால் பித்தானைத் தொட்டதும் சீறும். கடலோரம் வந்தால் செல்ப் மோட்டார் சுற்றாது, ஹாரன் முனகும், விளக்கு மங்கும். டைனமோவைப் பிரித்தாயிற்று, காயிலை மாற்றியாயிற்று, பாயிண்டைத் தேய்த்தாயிற்று. இதை நம்பித்தான் பட்டறை வேலையை விட்டு வாடகைக்கு ஓட்ட வந்திருந்தான். வண்டி ஓடாவிட்டால் வீட்டில் உலை வைக்க வழியில்லை.

பட்டறையை விட்டு இந்த வண்டியை எடுக்கத் தயங்கியவனைச் சம்மதிக்க வைத்ததும் பொன்னுதுரைதான். "சங்கு குளிக்கப் போறவன் கயிற யாரு கையில குடுப்பான்? மச்சினன் கையிலதான. அக்கா தாலி அறுக்க எந்தத் தம்பி சம்மதிப்பான்? என்னைய நம்புங்க அத்தான்" என்றிருந்தான். ஊரறிந்த வழக்கம் அது. கடலுக்கு அடியில் இருப்பவன் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால், மேலே இருக்கும் மச்சினன் தூக்கிவிட வேண்டும். கயிறு கையில்தான் இருக்க வேண்டும். எதிலும் கட்டக் கூடாது. கிளாட்வின் அந்தப் பேச்சில் விழுந்தான்.

மிச்சம் இருந்தது எர்த் கம்பி மட்டும். டார்ச்சுடன் மல்லாந்து வண்டிக்கு அடியில் நுழைந்தான்.

முன் ஆக்ஸிலில் ஒரு தென்னங்கயிறு முடிச்சுப் போட்டுக் கிடந்தது. சொட்டச் சொட்ட ஈரம். அதன் ஒரு பிரி செல்ப் கம்பியில் உரசிக்கொண்டிருந்தது. காலையில் பார்த்தபோது இது இங்கே இல்லையே என்று தோன்றியது. ஆனால் அதைவிடச் சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது. உப்புத்தண்ணீர் ஊறிய கயிறு கரண்டைக் கசியவிடும். பாட்டரி இறங்காமல் என்ன செய்யும்? முள் அசைந்ததை அப்புறம் யோசித்துக்கொள்ளலாம்.

"ஏ மாப்ள, கோளாறு ஆம்பிட்டுட்டு. எவனோ கயிறக் கட்டி வச்சிருக்கான்."

பொன்னுதுரையின் காலடி பாட்டரிப் பக்கம் வந்தது.

"அவுத்துருங்க அத்தான். கையில நல்லாப் பிடிச்சிக்கிட்டு அவுங்க."

முடிச்சு ஊறி இறுகியிருந்தது. மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தான். அவிழ்ந்தது. நகர்ந்து வெளியே வந்து எழுந்து நின்றான். மேலே பாட்டரிக் கம்பிகளை யாரோ மாட்டியிருந்தார்கள். பொன்னுதுரை ஓட்டுகிறவன் இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

அப்போது கயிறு சுண்டியது.

ஒரே ஒரு தடவை.

கிளாட்வின் டார்ச்சைத் திருப்பினான். கயிறு அவன் கையிலிருந்து மண்ணில் ஓடியது. பாதையைத் தாண்டி, கற்களுக்கு மேலே, ஜெட்டி விளிம்பில் மடிந்து தண்ணீருக்குள் இறங்கியது.

"பொன்னு. இது யாரு?"

"சங்கு குளிக்கிற சூசை" என்றான் பொன்னுதுரை. முகத்தைத் திருப்பவில்லை. "வண்டி என் கையில இருந்தப்ப, விழுந்த நங்கூரத்த எடுக்க இங்கன எறங்கினான். அவன் மச்சினன் வரல. நான் பிடிக்கேம்னேன். கை கடுத்துச்சு. ஆக்ஸில்ல கட்டிட்டு இந்த சீட்டுல சாஞ்சேன். கண்ணசந்துட்டேன் அத்தான். அவன் மேல வரவே இல்ல."

தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது.

"அறுத்துப் பாத்தேன். எரிச்சுப் பாத்தேன். இங்கன வந்தா மறுபடி கட்டிக் கெடக்கு. வேற ஒருத்தன் கையில பிடிச்சாத்தான் என்னைய விடுமாம்."

கிளாட்வின் விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். பிரியவில்லை. மணிக்கட்டில் கயிறு மெல்ல இறுகியது. பயத்தைவிட முதலில் வந்தது வேறொன்று. இந்தப் பயலின் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டது இதே கைதான்.

"மாப்ள, கத்தி எடு. சீட்டுக்கு அடியில இருக்கு."

"அக்காவ நான் பாத்துக்கிடுதேன்."

பித்தானை அழுத்தினான். இத்தனை நாளும் மக்கர் பண்ணிய செல்ப் முதல் அழுத்திலேயே சுற்றியது. என்ஜின் ஒரு இருமல்கூட இல்லாமல் எடுத்துக்கொண்டது. பாதி கறுப்படித்த விளக்குகள் இதுவரை இல்லாத பிரகாசத்தோடு எரிந்தன. வண்டி பின்னால் நகர்ந்து, திரும்பி, ஊர்ப்பக்கம் போனது. பழுதே இல்லாத சத்தம். அவன் ஆசைப்பட்ட சத்தம்.

அதுவும் தேய்ந்தது.

இருட்டு. வாடை. டார்ச் மங்கியது.

கயிறு மறுபடி சுண்டியது. கிளாட்வின் இழுக்கவில்லை. கை இழுத்தது. ஒரு முழம். இன்னொரு முழம். கனமாக இருந்தது. பிறகு கனம் இல்லை.

கயிறு தொய்ந்து காலடியில் சுருண்டது.

ஜெட்டியின் விளிம்பில் ஒரு கை ஊன்றியது. பிறகு இன்னொன்று. அவசரமில்லாமல், ஒரு பிடிக்கு அடுத்த பிடியாக, தன் மச்சினனைத் தேடிக்கொண்டு அது கயிற்றைப் பற்றி வந்தது.