இரண்டு தட்டு

திருநாவுக்கரசுக்கு அன்று வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். சிரம்பானிலிருந்து கோலா கிளாவாங் போகும் மலைச்சாலையில், எங்கும் நிற்காமல், ஒரே மூச்சில் வண்டி ஓட்ட வேண்டும்.

சிரிக்காதீர்கள். ஆயுள் முழுக்க அந்தச் சாலையில் பஸ் ஓட்டியவர் அவர். ஒருநாள்கூட அதை ஆசைதீர ஓட்டியதில்லை. வளைவுக்கு வளைவு ஒரு ரப்பர் தோட்டத்து முச்சந்தி, அங்கே பால்வாளியோடு நாலு பேர். வண்டி வேகம் பிடிக்கும் நேரம் பார்த்துக் கண்டக்டர் புனிதன், டிக்கெட்டில் ஓட்டை போடும் பஞ்ச் கருவியால் பஸ்ஸின் இரும்புக் கம்பியில் தட்டுவான். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் எடு. “நான் ரெண்டு தட்டாம வண்டி அசையக் கூடாது அரசண்ணே” என்பது அவன் போட்ட சட்டம்.

பஸ் கம்பெனியும் மூடியாயிற்று. புனிதனும் போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டான். அரசுவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகி, கண்ணும் மங்கிவிட்டது. இனி லைசென்ஸைப் புதுப்பிக்கவே கூடாது என்று மகள் ஷாமினி கறாராகச் சொல்லிவிட்டாள். இந்த மாதத்தோடு சரி. பழைய கூட்டாளிகளோடு ஊர் சுற்றப் போகிறேன் என்று கெஞ்சிக் கூத்தாடித்தான் அவளுடைய வேனை வாங்கி வந்திருந்தார்.

கூட்டாளிகள் என்றால் இரண்டே பேர், மெக்கானிக் குணாளனும் டிக்கெட் செக்கர் அமிர்தலிங்கமும். காலையிலிருந்து இருவரும் அவர் பிராணனை வாங்கிக்கொண்டிருந்தார்கள். பெடாஸில் போய்த்தான் சாப்பிட வேண்டும் என்றார்கள். குணாளனுக்கு டுரியான் பழம் கண்ட இடமெல்லாம் நிறுத்த வேண்டும், செக்கருக்குக் கக்கூஸ் கண்ட இடமெல்லாம் நிறுத்த வேண்டும்.

மலையடிவாரத்தில் அரசு வெடித்தார். “இனிமே எவனும் வாயத் தொறக்கக் கூடாது. மேல போயி சேர்ற வரைக்கும் நிப்பாட்ட மாட்டேன்லா!”

மழை பெய்து ஓய்ந்த மத்தியானம். இருபுறமும் செம்பனை மட்டைகள் கவிந்து சாலையை இருட்டாக்கியிருந்தன. தார் ரோட்டிலிருந்து ஆவி எழுந்தது. வேன் முதல் வளைவில் ஏறியது. இரண்டாவது வளைவு. அரசுவின் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

டங்.

கால் தானாகப் பிரேக்கை மிதித்தது.

“எவன்டா தட்டுனது?”

“நான் தட்டலண்ணே” என்றான் குணாளன். செக்கர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

வெளியே பழைய தோட்டத்து முச்சந்தி. ஒரு ஈ காக்கை இல்லை. வேன் மட்டும் லேசாக ஆடி, பின்பக்கம் தாழ்ந்தது.

டங் டங்.

அரசுவின் கால் எண்ணெய் மிதியை அழுத்தியது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அந்த வேனில் இரும்புக் கம்பியே கிடையாது.

அடுத்த முச்சந்தியிலும் அதே ஒரு தட்டு. அதே ஆட்டம். இம்முறை வேனுக்குள் நாற்றம் ஒன்று பரவியது. ஒட்டுப்பால் நாற்றம். அந்தப் பக்கம் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டு எத்தனையோ காலமாகிவிட்டது.

“டுரியான் வாசமா இருக்கும்ணே” என்று குணாளன் முணுமுணுத்தான். அவன் குரலே அவனை நம்பவில்லை.

மலை ஏற ஏற வேன் முக்கி முனகியது. அரசுவுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் பொங்கியது. செத்தும் விடமாட்டேன் என்கிறானே இந்தப் பாவி!

மேல்தோட்டத்து முச்சந்தி வந்தது. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள் இருந்த இடம். வேலை முடிந்து எல்லோரும் இறங்கும் இடம். இப்போது வெறும் புதர்.

டங்.

அரசு நிறுத்தவில்லை.

டங். டங். டங்.

செக்கர் கண்விழித்தார். திரும்பிப் பார்க்காமலே கிசுகிசுத்தார். “அரசு, நிப்பாட்டுப்பா. ஆளுங்க எறங்கணும்.”

“மாட்டேன்! சாகறதுக்குள்ள ஒரு தடவ எனக்காக ஓட்டிக்கிறேன். விடுங்கய்யா!”

புதர் பின்னால் போய் மறைந்தது. தட்டும் நின்றது.

அதன்பிறகு ஊர் வரைக்கும் எங்கும் நிற்கவில்லை. அவர் ஏங்கிய ஓட்டம்தான். ஆனால் பிடரியில் யார் யாருடைய மூச்சோ பட்டுக்கொண்டே வந்தது. ஈரமான மூச்சு.

கோலா கிளாவாங்கில் காப்பிக் கடை முன்னால் மூவரும் இறங்கினார்கள். குணாளன் பின் சக்கரத்தருகே குந்தி நெடுநேரம் பார்த்தான்.

“அண்ணே, நாம மூணு பேரும் எறங்கிட்டோம். வண்டி இன்னும் எறங்கியே கெடக்கு.”

காப்பியை யாரும் குடிக்கவில்லை.

திரும்பும்போது அரசு மேல்தோட்டத்து முச்சந்தியில் தானே நிறுத்தினார். தானே இறங்கிக் கதவையும் திறந்துவிட்டார். “எறங்குங்க தாயி. எறங்குங்கய்யா. புத்திகெட்டுப் போயி செஞ்சிட்டேன்.”

ஒருவரும் இறங்கவில்லை. செம்பனை மட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

கூட்டாளிகள் தத்தம் வீட்டு வாசலில் முகம் கொடுக்காமல் இறங்கிக்கொண்டார்கள். பாரோயில் தன் வீட்டு முன் அரசு வேனை நிறுத்தியபோது விளக்கு வைக்கும் நேரம். ஷாமினி வாசலில் நின்றிருந்தாள்.

டங்.

வேனின் பக்கக் கதவு தானாக நகர்ந்தது. வண்டி மெல்ல மெல்ல உயர்ந்தது. அவசரமே இல்லாமல், கையில் கனத்தோடு, ஒவ்வொருவராக இறங்குவது போல.

“ஐயே, என்னாப்பா இந்த நாத்தம்?” ஷாமினி மூக்கைப் பொத்தினாள். அவள் முதுகுக்குப் பின்னால் வாசலில் தொங்கிய மணித்திரை விலகியது. கூடியது. மறுபடி விலகியது.

அரசு ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி காத்திருந்தார்.

“தட்டுடா புனிதா” என்றார். “ரெண்டு தட்டு தட்டிருடா, எடுத்துக்கிட்டுப் போயிர்றேன். இங்க வேணாம்டா, எம் புள்ள இருக்கிற வீடுடா.”

திரை ஆடி அடங்கியது.

“எறங்கி வாங்கப்பா, சாப்புடலாம்” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே திரும்பினாள்.

“போகாதம்மா! இன்னும் ரெண்டு தட்டு வரல.”

அவள் காதில் அது விழவில்லை. உள்ளே, சமையல்கட்டில், யாரோ தகர வாளிகளை ஒவ்வொன்றாகக் கீழே வைத்துக்கொண்டிருந்தார்கள்.