மதியத்துக் குழாய்கள்

காப்பிக்குச் சர்க்கரை போடக்கூட விடாமல் காவல் நிலையத்துக்குள் நுழைந்த துப்பாக்கிப் பட்டறை முதலாளி ஃபெர்மோ ஜெல்மினி, இரண்டு துப்பாக்கிக் குழாய்களை மேஜைமேல் வைத்தார்.

"இன்ஸ்பெக்டர் ஐயா, சோதனைச் சாலைக்காரங்க மறுபடியும் திருப்பி அனுப்பிட்டாங்க. மருந்து போட்டு வெடிச்சுப் பாக்கவே மாட்டேங்கறாங்க. குழாய் கோணலாம்! முத்திரை விழலேன்னா இதை இரும்புக் கடைக்குத்தான் போடணும்."

இன்ஸ்பெக்டர் ஒத்தாவியோ சர்க்கரையைப் போட்டு நிதானமாகக் கலக்கினார். மெல்லா ஆற்றுப் பள்ளத்தாக்கில் அவர் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அவசரத்தையெல்லாம் ஏட்டு நூன்சியோ குத்தகைக்கு எடுத்திருந்தார்.

"யார்மேல சந்தேகம்?" நூன்சியோ அதற்குள் தொப்பியை மாட்டிவிட்டார்.

"குழாயை நிமிர்த்தறது பொர்த்தோலோ அண்ணன். காலையில செஞ்சது எல்லாம் நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. மத்தியானம் செஞ்சதுதான் கோணல். சாப்பாட்டோட அவர் எவ்வளவு குடிப்பார்னு ஊருக்கே தெரியும். சனிக்கிழமையோட நிறுத்திடலாம்னு இருக்கேன். ஆனா ஞாயித்துக்கிழமை அவர் பொண்ணு கல்யாணம். மனசு கேக்கல. வேற யாராவது செஞ்சிருந்தா கண்டுபிடிச்சுக் குடுங்க."

ஃபெர்மோவின் பட்டறை குறுகலான சந்தில் இருந்தது. ஜன்னலோரம் பொர்த்தோலோ ஒரு குழாயைக் கண்ணில் வைத்து வெளிச்சத்தை நோக்கிப் பிடித்திருந்தார். ஜன்னலின் குறுக்குச் சட்டம் குழாய்க்குள் நிழலாக விழும். நிழல் நேராக ஓடினால் குழாய் நேர். வளைந்தால் சுத்தியலால் ஒரு தட்டு. இந்த ஊரில் இதற்கு வேறு அளவுகோல் கிடையாது. அவர் செருப்பில் மட்டும் வெள்ளை வெள்ளையாய்ச் சுண்ணாம்புத் துளிகள்.

"கல்யாண வேலை முடிஞ்சுதா?" என்றார் ஒத்தாவியோ.

"போன வாரமே முடிச்சாச்சு ஐயா. பொண்ணுக்காக என் கையாலேயே செஞ்சேன்." பெருமையோடு சிரித்த பொர்த்தோலோவின் முகம் சட்டென்று வாடியது. "முப்பது வருஷமா இந்தக் கண்ணு பொய் சொன்னதில்ல. இப்ப குடிகாரன்னு பேராயிடுச்சு. சம்பந்தி வீட்டுக்காரங்களும் பட்டறைக்காரங்க. காதுல விழுந்தா என் மானம் போச்சு."

நூன்சியோ இன்ஸ்பெக்டரை ஓரமாக இழுத்தார். "ஐயா, அந்த மெருகு போடற ஜெரோலமோவைப் பாருங்க. இவர் சாப்பிடப் போற நேரத்துல நாலு தட்டு தட்டிட்டா, வேலை அவனுக்கு."

ஜெரோலமோ காதில் அது விழுந்துவிட்டது. "தெற்கத்தி ஏட்டுக்கு எங்க ஊர்க்காரன்னாலே சந்தேகம்தாம்பா! நானும் பொர்த்தோலோ அண்ணனும் முக்குச் சாப்பாட்டுக் கடையில ஒரே மேஜையிலதான் சாப்பிடறோம். என் கை ரெண்டும் தட்டுலதான் இருக்கும்."

"சரி, நாமளும் சாப்பிட்டுட்டு வருவோம்" என்று ஒத்தாவியோ கிளம்பிவிட்டார். அந்தக் கடையில் பொலெந்தா என்கிற சோளமாவுக் களியும் முயல் கறியும் நன்றாக இருக்கும்.

சாப்பிட்டுத் திரும்பியதும் அவர் பொர்த்தோலோவின் இருக்கையில் உட்கார்ந்து, காலையில் முடித்த நேரான குழாய் ஒன்றுக்குள் பார்த்தார். கண் கூசியது. ஒன்றுக்குப் பதில் இரண்டு நிழல்கள் பின்னிக் கிடந்தன.

"ஏட்டு, வண்டி மூடற கறுப்புத் தார்ப்பாயை எதிர்ச் சுவர்ல தொங்க விடும்."

நூன்சியோ ஏணியில் ஏறித் தார்ப்பாயால் சுவரை மூடினார். எதிர் வீட்டு மாடியிலிருந்து ஒரு பெண்ணின் குரல் பாய்ந்து வந்தது. "யோவ் ஏட்டு! கல்யாண வீட்டுல கறுப்புத் துணியா? உனக்கு நல்ல புத்தியே கிடையாதா?"

காலையில் ஃபெர்மோ காவல் நிலையத்துக்குக் கொண்டுவந்த குழாய்களில் ஒன்றை ஒத்தாவியோ பொர்த்தோலோவிடம் நீட்டினார். கிழவர் ஒரு கணம் பார்த்துவிட்டுப் பதறினார். "இது கோணலாச்சே! எந்த மடையன் தட்டினான்?"

"நீங்கதான்" என்றார் ஒத்தாவியோ. "இன்னைக்கும் சாப்பாட்டோட குடிச்சுட்டுத்தான் வந்தீங்க. ஆனா சுவரை மூடினதும் கோணல் உடனே தெரிஞ்சுடுச்சு, அதனால குடி காரணமில்ல. வெளிச்சம்தான் மாறிடுச்சு. போன வாரம் வரைக்கும் எதிர்ச் சுவர் பாசி பிடிச்சுக் கறுப்பா இருந்தது. இப்ப வெள்ளையடிச்சிருக்கு. மத்தியான வெயில் அதுல பட்டு, கீழேருந்து உள்ள அடிக்குது. அதனாலதான் பொய் நிழல். நீங்க அதைப் பாத்துத் தட்டினீங்க. உங்க செருப்பைப் பாத்தப்பவே எனக்குச் சுவரைப் பாக்கணும்னு தோணிச்சு."

பொர்த்தோலோ தன் செருப்பைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். அவருடைய வீட்டுச் சுவர். அவர் கையாலேயே அடித்த வெள்ளை.

ஃபெர்மோவுக்கு வெட்கமாகிவிட்டது. "அண்ணே, மன்னிச்சிடுங்க. உங்க இடத்துல வேற யாரும் உக்கார மாட்டாங்க."

"சுவரைத் திங்கக்கிழமை மண்ணு நிறமாக்கிடறேன்" என்றார் பொர்த்தோலோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஞாயித்துக்கிழமை வரைக்கும் அது வெள்ளையாத்தான் இருக்கும். என் பொண்ணு கல்யாணம். தார்ப்பாயை இறக்கச் சொல்லுங்க."

"அதுவரைக்கும் மத்தியானத்துல என்ன பண்ணுவீங்க?" என்றார் ஃபெர்மோ.

"என்ன பண்ணுவேன்? அதான் ஊருக்கே தெரியுமே. குடிப்பேன்."